மலைநீர் சேரும் துறைமுகம்

பல்லேகமைக்கும் திருகோணமலைக்கும் என்ன உறவு என்று கேட்டால், ஓர் உறவும் இல்லை என்றுதான் பலரும் சொல்வார்கள். ஒன்று மாத்தளை மாவட்டத்தின் மலைமடியில் ஒதுங்கிக் கிடக்கும் சிற்றூர். மற்றது கீழைக் கடலின் ஓரத்தில் உலகமறிந்த துறைமுகம். ஆனால், நேயர்களே, ஒரு தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு அதிலுள்ள நீலக் கோடுகளை மட்டும் விரலால் தொடர்ந்து பாருங்கள். நக்கிள்ஸ் மலைத்தொடரில் பிறக்கும் களுகங்கை பல்லேகமைப் பக்கமாக இறங்கி அம்பன் கங்கையிற் சேருகிறது. அம்பன் கங்கை மகாவலியிற் கலக்கிறது. மகாவலி மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவிற் கடலாகிறது. அந்தக் குடாவின் மறுகரையில் நிற்பதுதான் திருகோணமலை.

இன்னொரு வழியும் உண்டு. அம்பன் கங்கை நீரை எலகெரவில் மறித்து, மின்னேரியாக் குளத்துக்குக் கொண்டுசென்றது பண்டைக் காலத்து எலகெரக் கால்வாய். அதன் தொடர்ச்சியாகக் கவுடுல்லைக்கும் கந்தளாய்க்கும் நீர் போகிறது. கந்தளாய்க் குளத்து நீர் தம்பலகாமத்து வயல்களில் பாய்கிறது. தம்பலகாமத்திலே கோணேசருக்கு ஒரு கோயில் இருக்கிறது. ஆக, கோணேசருக்குப் படைக்கும் சோற்றில் மாத்தளை மலையின் தண்ணீரும் ஒரு பங்கு என்று சொன்னால் அது கற்பனையல்ல, நீர்ப்பாசனக் கணக்கு.

மலைநாட்டிலிருந்து கடல் பார்க்கப் போகிறவர்கள் வழமையாகக் காலையில் கோயில், நண்பகலில் வெந்நீரூற்று, மாலையில் நிலாவெளி என்று ஒரே நாளிற் சுற்றி, இரவே வீடு திரும்பிவிடுவார்கள். அது பார்த்தல் ஆகாது. இந்த நகரைக் கல் கல்லாக நின்று படிக்க வேண்டும்.

பல்லேகமையிலிருந்து எலகெர, கிரித்தலை வழியாக ஹபரணையைச் சேர்ந்தால், அங்கிருந்து நேர்க்கோடு போலத் திருகோணமலை வீதி. ஏறத்தாழ எண்பத்தைந்து கிலோமீற்றர். பாதை முழுவதும் காடு. இடையில் வருவது கந்தளாய்க் குளம். இதை அனுராதபுர மன்னர்களின் பணி என்கிறது பாளி வரலாற்று மரபு. கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்த குளக்கோட்டு மன்னன் கட்டியது என்கிறது கோணேசர் கல்வெட்டு என்ற தமிழ் நூல். பெயரைப் பார்த்தால் கல்லிற் பொறித்த சாசனம் போலத் தோன்றும். உண்மையில் அது ஏட்டில் எழுந்த நூல். குளம் கட்டியதனாலும் கோட்டம் கட்டியதனாலும் குளக்கோட்டன் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். எந்த மரபை ஏற்றாலும் சரி, குளமும் கோயிலும் ஒரே குடும்பம் என்று அந்தக் காலத்து மக்கள் கருதினார்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. குளத்து நீர் வயலுக்கு, வயலின் நெல் கோயிலுக்கு, கோயிலின் தொழும்பு ஊருக்கு. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இந்தக் குளத்தின் கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அமைதியாகக் கிடக்கும் நீரைப் பார்க்கும்போது அதையும் நினைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

நகரத்துக்குள் நுழைந்ததும் கோயிலுக்கு விரையாமல், பிரெட்ரிக் கோட்டையின் வாயிலில் நில்லுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழி இந்தக் கோட்டைக்குள்ளாகத்தான். வாயிற் சுவரிலே ஒரு உடைந்த கல். அதில் இரண்டு மீன்கள். பக்கத்திலே தேய்ந்துபோன சில தமிழ் எழுத்துகள். அன்று வாயிலோரத்தில் கச்சான் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், நான் தடுமாறுவதைக் கண்டு எழுந்து வந்தார்.

"இஞ்சால வந்து சாய்ச்சுப் பாருங்கோ தம்பி. வெயில் பக்கவாட்டில விழவேணும். இப்ப தெரியுதே, ரெண்டு மீன்?"

தெரிந்தது. இரட்டை மீன் பாண்டியரின் சின்னம். எழுத்துகள் குளக்கோட்டனின் திருப்பணியையும், பின்னாளில் பறங்கியர் அதனை அழிக்கப்போவதையும் பற்றிய ஒரு தீர்க்கதரிசனப் பாட்டின் துண்டு என்று சொல்லப்படுகிறது. கல்லில் எஞ்சியவை சில எழுத்துகளே. மீதியை வாய்மொழியில் வழங்கும் பாட்டைக் கொண்டே நிரப்பிப் படிக்கிறார்கள். தீர்க்கதரிசனமா, பின்னால் நடந்ததை முன்னால் சொன்னதுபோல எழுதியதா என்பது அறிஞர்களின் வழக்கு. எனக்கு அதைவிடப் பெரிதாய்ப் பட்டது வேறொன்று. கோயிலை இடித்தவர்கள் அதன் கற்களைக்கொண்டே கோட்டையைக் கட்டினார்கள். அப்படிக் கட்டும்போது மீனையும் எழுத்தையும் சுவரிலே வைத்துவிட்டுப் போனார்கள். கோயில் இருந்தது என்பதற்கு, அதை அழித்தவர்களின் சுவரே நாட்சாட்சி.

கோணேசர் கோயில் பழைமையானது என்பதற்கு ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த திருஞானசம்பந்தரின் தேவாரப் பதிகம் சான்று. கோணமாமலை என்பது அதில் வரும் பெயர். ஈழத்திலே தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் இரண்டு. மற்றது மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரம். கடல் சூழ்ந்த இந்த மலைமுனையில் ஒரு காலத்தில் மூன்று கோயில்கள் இருந்தன. உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று, கரையோடு சேரும் இடத்தில் ஒன்று. ஆயிரங்கால் மண்டபக் கோயில் என்ற பெயர் மாலுமிகளிடையே பரவியிருந்தது. 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சாவின் ஆட்சியில் இவை தரைமட்டமாயின. கோட்டை எழுந்தது. அதன் பின் நடந்தது கோட்டையைப் பந்துபோல எறிந்து பிடிக்கும் விளையாட்டு: 1639இல் ஒல்லாந்தர், 1782இல் ஒரே ஆண்டுக்குள் ஆங்கிலேயரும் பின்னர் பிரெஞ்சுக்காரரும், மறுபடியும் ஒல்லாந்தர், 1795இல் மீண்டும் ஆங்கிலேயர். இங்கிலாந்து மன்னரின் மகனான பிரெட்ரிக் கோமகனின் பெயர் 1803இல் கோட்டைக்கு வந்தது. இத்தனை பேரும் ஏன் மோதினார்கள் என்பதற்கு விடை துறைமுகத்தின் ஆழம். பெருங்கப்பல்கள் எந்தப் பருவத்திலும் ஒதுங்கி நிற்கக்கூடிய இயற்கைத் துறைமுகங்கள் இந்து சமுத்திரத்தில் அதிகமில்லை. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்ததும் அதற்காகத்தான்.

கோட்டைக்குள்ளே மரநிழலிற் புள்ளிமான்கள் படுத்திருக்கும். மனிதர் நடமாட்டத்துக்குப் பழகியவை. அவற்றுக்குப் பிஸ்கற் கொடுப்பதைத் தவிர்த்துவிட்டு மேலே ஏறுங்கள்.

மலையுச்சியில், கடலிலிருந்து ஏறத்தாழ 350 அடி உயரத்தில் இப்போதுள்ள கோயில் நிற்கிறது. கோயில் இடிக்கப்பட்டதற்கும் இது கட்டப்பட்டதற்கும் இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இங்கே கட்டடமே இல்லை. ஆனால் வழிபாடு நிற்கவில்லை என்பதுதான் வியப்பு. கோயில் கடலுக்குள் போய்விட்டது என்று மக்களுக்குத் தெரியும். ஆகவே கடலையே கும்பிட்டார்கள். பாறை விளிம்பிலே பூசகர் நின்று, பூவும் பழமும் கடலில் எறிந்து, சூரியன் சாயும் நேரத்தில் மந்திரம் சொல்லும் வழக்கம் இருந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எமர்சன் டெனன்ட் என்ற ஆங்கில அதிகாரியும் தமது இலங்கை பற்றிய நூலில் எழுதிவைத்தார்.

என்னோடு வந்தவர் பல்லேகமைக்காரர், சிங்களவர், வயதால் என் தகப்பனாருக்குச் சமமானவர். நான் சொன்னதை ஒருமுறை திருப்பிக் கேட்டார். "தண்ணிக்குக் கீழே இருக்கிற கோயிலையா முந்நூறு வருடம் கும்பிட்டார்கள்?" ஆம் என்றேன். பிறகு அவர் நெடுநேரம் பேசவில்லை. காரணம் எனக்குத் தெரியும். மொரகஹகந்த - களுகங்கைத் திட்டத்தினால் பழைய பல்லேகம நகரம் நீர்த்தேக்கத்தின் கீழ்ப் போய்விட்டது. 2018இல் லக்கலப் பிரதேசத்துக்கென்று புதிய நகரம் திறக்கப்பட்டது. நேரான வீதிகள், புதிய கட்டடங்கள், எல்லாம் ஒழுங்கு. ஆனால் அவருடைய வீடும் கிணறும் புளியமரமும் இப்போது மீன்களுக்குச் சொந்தம். கீழ்நாட்டு வயலுக்கு நீர் வேண்டும் என்பதை அவர் மறுப்பவரல்லர், தாமே கமக்காரர். "தம்பி, எங்கள் ஊரைப் பற்றி யாராவது பாட்டுக் கட்டினார்களா?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கோணேசருக்குப் பாட்டு இருந்தது. தேவாரம் இருந்தது. தட்சிண கைலாச புராணம், கோணேசர் கல்வெட்டு, திரிகோணாசல புராணம் என்று நூல்கள் இருந்தன. கற்கள் சிதறிய பின்னும் ஊரின் நினைவு சிதறாமல் இருந்ததற்கு அந்த ஏடுகளே காரணம் என்று நான் நினைக்கிறேன். இலக்கியத்தைப் பொழுதுபோக்கு என்போர் இந்தப் பாறையில் ஒரு மாலை நின்று பார்க்கட்டும்.

பிறகு கற்களும் செம்பும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. 1950இல் நகரசபையினர் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. போர்த்துக்கேயர் வருமுன் யாரோ அவசர அவசரமாகப் புதைத்து வைத்தவை. புதைத்தவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய தோழர் மைக் வில்சனும் சுவாமிமலை அடிவாரத்துக் கடலில் மூழ்கி, தூண்களும் செதுக்கிய கற்களும் கடல் அடியிற் கிடப்பதைக் கண்டார்கள். அங்கிருந்து ஒரு இலிங்கமும் மீட்கப்பட்டது. விண்வெளிக் கதை எழுதியவர் கடலடியில் கோயிலைத் தேடினார் என்பது நம் காலத்துப் புராணம். கிளார்க் இதனை 1957இல் ஒரு நூலாகவும் எழுதினார். வில்சனோ பிற்காலத்தில் சைவத் துறவியாகவே மாறிவிட்டார். புதிய கோயிலின் கும்பாபிஷேகம் 1963 மார்ச்சில் நடந்தது.

இடையிலிருந்த காலத்தில் கோணேசருக்கு அடைக்கலம் கொடுத்தது தம்பலகாமம். அழிவிலிருந்து காப்பாற்றிய திருமேனிகளை ஆதிகோணநாயகர் கோயிலில் வைத்து வழிபட்டார்கள். அந்தக் கோயில் எழுந்தது கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் காலத்தில். மலைநாட்டு அரசன் ஒருவனின் ஆட்சிக்குள் கடலோரத்துக் கடவுள் குடியிருந்தார். திருகோணமலைக்குப் போகிறவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இந்தக் கோயிலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பிரதான வீதியிலிருந்து சிறிது உள்ளே திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

சுவாமிமலையிலே இன்னும் இரண்டு சங்கதிகள். ஒன்று இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு. மற்றது காதலர் பாய்ச்சல். பிரான்சினா என்ற ஒல்லாந்தப் பெண் தன்னைக் கைவிட்டுக் கப்பலேறிய காதலனுக்காக 1687இல் இங்கிருந்து குதித்தாள் என்று வழிகாட்டிகள் உருக்கமாகச் சொல்வார்கள். ஒல்லாந்தப் பதிவேடுகளோ, அந்தப் பெண் சில ஆண்டுகள் கழித்து வேறொருவரை மணந்துகொண்டதாகச் சொல்கின்றன. எனக்குப் பதிவேட்டுக் கதைதான் பிடித்திருக்கிறது.

நகரிலிருந்து நிலாவெளிப் பக்கமாகப் போகும்போது உள்நாட்டுப் பக்கம் திரும்பினால் பெரியகுளம். அதன் அருகே காட்டுக்குள் வெல்கம் விகாரை. தமிழில் நாதனார் கோயில் என்று வழங்குவர். இது பௌத்த விகாரை. ஆனால் இங்கே கிடைத்த கல்வெட்டுகளிற் பல தமிழில் உள்ளன. சோழர் காலத்தில் இதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கவும் பிற தேவைகளுக்கும் தமிழர் கொடுத்த தானங்களைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. சைவப் பேரரசனின் பெயரைத் தாங்கிய பௌத்தப் பள்ளி. அதற்குத் தமிழிலே தானம். இந்த ஒரு இடத்தைப் பார்த்துவிட்டால், கல் என்றால் ஒரு மொழி, ஒரு சமயம், ஓர் இனம் என்று நாம் வகுத்துவைத்திருக்கும் பெட்டிகள் எல்லாம் மூடி கழன்றுவிடும். என் நண்பர் அங்கே பூ வைத்துக் கும்பிட்டார். நான் தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். இருவரும் ஒரே கல்லின் முன்னாற்றான் நின்றோம்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த மாவட்டத்தில் கல் யாருடையது என்ற கேள்வி வெறும் வரலாற்றுக் கேள்வியாக நின்றுவிடுவதில்லை. கன்னியா வெந்நீரூற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. தாயாருக்குக் கிரியை செய்ய இராவணன் வாளால் நிலத்திற் குத்தியபோது பிறந்தவை என்பது கதை. திருகோணமலைச் சைவ மக்கள் இறந்தோருக்கான கிரியைகளை இன்றும் அங்கே செய்வதுண்டு. அந்த இடத்தில் இருந்த பிள்ளையார் கோயில் நிலம் பற்றிய தகராறு 2019இல் நீதிமன்றம் வரை போயிற்று. சுற்றுலா போகிறவர்கள் வாளி வாளியாக நீரை அள்ளிக் குளித்துவிட்டுச் சிரித்துக்கொண்டு திரும்புகிறார்கள். ஈமக்கடன் செய்ய வந்தவர்கள் ஒதுங்கி நின்று தங்கள் முறைக்குக் காத்திருப்பதையும் சற்றுக் கவனித்தால் நல்லது.

இனிக் கடற்கரை. உப்புவெளி நகரை ஒட்டியது, நிலாவெளி அதற்கு வடக்கே. வெண்மணல், நெடுந்தூரம் ஆழமில்லாத கடல். ஆனால் எப்போது போவது என்பதில் மலைநாட்டவர் கவனமாயிருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றும் மழையும் தொடங்கினால் இந்தக் கடலின் குணமே வேறு. தென்மேற்கில் மழை கொட்டும் வைகாசி முதல் ஆவணி வரை இங்கே கச்சான் காற்று வறண்டு வீசும். கடல் குளம்போலக் கிடக்கும். காலையில் ஐந்தரை மணிக்கு மணலில் நின்றால் கரைவலை இழுப்பதைக் காணலாம். கடலில் வளைத்துவிட்ட வலையின் இரு கயிறுகளையும் இரு பக்கமும் ஆட்கள் பிடித்து, பாட்டுக்கு அடி எடுத்துப் பின்னால் நகர்வார்கள். மடி கரையேறும் வரை அன்றைய கூலி யாருக்கும் தெரியாது. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்து இந்தக் கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் கொண்டுபோனது. அவர்கள் மறுபடியும் அதே கடலில்தான் வலை விடுகிறார்கள்.

நிலாவெளிக்கு நேரே தெரிவது புறாத்தீவு. மாடப்புறாக்கள் அங்கே கூடு கட்டுவதால் வந்த பெயர். 2003இல் தேசிய பூங்காவாக்கினார்கள். சுற்றிலும் பவளப்பாறை. பவளம் கல்லல்ல, உயிர். அதன்மேல் கால் ஊன்றி நின்று படம் எடுப்பவர்களைக் காணும்போது, கோயிலை இடித்த பறங்கியரை நாம் என்ன முகத்தோடு குறை சொல்வது என்று தோன்றும். ஆழ்கடற் பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகிலேயே வந்துவிடுவதால் நீலத் திமிங்கிலங்களும் இந்தப் பக்கத்துக் கடலுக்கு வருவதுண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் சுவாமிமலையில் நின்றபடியே அவை மூச்சு விடுவதைப் பார்க்கலாம்.

இலக்கிய நேயர்களுக்கு இந்த நகரம் வேறொரு காரணத்தாலும் யாத்திரைத் தலம். ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கத்தைத் தேடினால் முதலில் வருவது கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பையின் அசன்பேயுடைய கதை, 1885. அடுத்து வருவது திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ஊசோன் பாலந்தை கதை, 1891. ஒருவர் மலைநாடு, ஒருவர் கடற்கரை. ஒருவர் முஸ்லிம், ஒருவர் கிறிஸ்தவர். மூன்றாவதாக வருபவர் சைவர்: தி. த. சரவணமுத்துப்பிள்ளை. திருகோணமலையில் பிறந்து சென்னையிற் பணியாற்றிய இவர் 1895இல் வெளியிட்ட மோகனாங்கி, தமிழில் முதல் வரலாற்று நாவல் என்று மதிக்கப்படுகிறது. நாயக்கர் காலத்துக் கதை. அதற்கு மூன்றாண்டு முன்னரே தத்தை விடு தூது என்ற சிறு நூலில் பெண்களின் விடுதலையைப் பேசியவர். 37 வயது நிரம்பும் முன்னர் 1902இல் மறைந்தார். இவருடைய அண்ணன் கனகசுந்தரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த பேரறிஞர். ஒரு வீட்டில் இரண்டு பேர், ஒருவர் பழைய ஏட்டைக் காத்தார், மற்றவர் புதிய வகைக் கதையைத் தொடங்கினார். கோணேசரைப் பார்க்க வரும் பேருந்துகளில் இந்த இருவரின் பெயரை அறிந்தவர் எத்தனை பேர் இருப்பார்கள்?

ஒரு நாள் மிஞ்சினால் மூதூருக்குப் போங்கள். முன்பு ஆறுகளையும் களப்பையும் தோணியிலும் பாதையிலும் கடக்க வேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்தபின் வண்டியிலேயே போய்விடலாம். இங்கேதான் 1660 வாக்கில் றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கில இளைஞன் கண்டி மன்னனின் ஆட்களிடம் சிக்கினான். அவனையும் தோழர்களையும் மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். பத்தொன்பது ஆண்டுகள் ஊர் ஊராகச் சிறை வாழ்வு வாழ்ந்து, தொப்பி பின்னி விற்று, தப்பியோடி, 1681இல் அவன் அச்சிட்ட நூலே அக்காலத்துக் கண்டி இராச்சியத்தின் அன்றாட வாழ்வுக்கு இன்றும் முதன்மையான சான்று.

மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் ஊருமாகும். அவருடைய தோணி என்ற சிறுகதைத் தொகுதி சாகித்திய மண்டலப் பரிசு பெற்றது. கொட்டியாரக் குடாவின் கடற்றொழிலாளர் பேசும் பேச்சு, அவர்களின் கடன், அவர்களின் ஆசை எல்லாம் அதிலே இருக்கின்றன. என் நண்பருக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே மகாவலி கடலோடு சேரும் மணல்மேட்டில் உட்கார்ந்து, தலைப்புக் கதையை எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவருக்குச் சொன்னேன். கேட்டு முடித்தவர் ஆற்று நீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். "இன்னும் உப்பாகவில்லை" என்றார்.